குடும்பத் தாளில் மூன்று பிள்ளைகள்

இராயப்பு அண்ணை ஒரு கதிரையில் தொடர்ந்து கால் மணித்தியாலம் இருந்து நான் கண்டதில்லை. மேற்கு பேர்லினில், நொய்கெல்ன் பகுதியில், ஹைம் என்கிற அகதிகள் விடுதியில் நாங்கள் ஏழு பேர் ஓர் அறையில் இருந்தோம். அகதி விண்ணப்பம் கொடுத்துவிட்டுக் காத்திருப்பவர்கள் வேலை செய்யக் கூடாது என்பது சட்டம். மற்ற ஆறு பேரும் கட்டிலில் கிடந்து கூரையைப் பார்க்கப் பழகிவிட்டோம். அவருடைய கைகளுக்கு மட்டும் அந்தச் சட்டம் விளங்கவில்லை. ஒழுகாத குழாயைக் கழற்றிப் பூட்டுவார். ஜன்னல் கொளுக்கியை நேராக்குவார். பிறகு முந்திய கோணலே நல்லது என்று திரும்ப வளைப்பார். ஒன்றும் அகப்படாத நாளில் ஹெர்மன் வீதியின் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை நடந்து, எதிர்ப்பக்க நடைபாதையால் திரும்பி வருவார்.

“அண்ணை, வீதி அங்கதானே கிடக்கு. நெடுகப் போய்ப் பாக்கவேணுமே?” என்பார் சோதிலிங்கம்.

“நான் போய்ப் பாக்கிறபடியால்தான் அது அங்க கிடக்கு” என்று சப்பாத்தைக் கழற்றாமலே அடுத்த வேலையைத் தேடுவார் இவர்.

சோதிலிங்கம் வேலணைக்காரர். எங்களுக்கெல்லாம் ஆறு மாதம் முந்தி வந்தவர். ஜெர்மன் பேச வராது, ஆனால் எந்தப் படிவத்தில் எந்தக் கட்டத்தில் என்ன எழுதவேண்டும் என்று தெரியும். அறையில் ஏழு பேருடைய விண்ணப்பத்தையும் நிரப்பியது அவர்தான். ஏழிலும் ஒரே கையெழுத்து.

இராயப்பு அண்ணைக்கு அப்போது முப்பத்தாறு வயது. யாழ்ப்பாணத்துக் குருநகரில் படகு எஞ்சின் திருத்துகிறவர். கடலுக்குப் போகிறவரில்லை, போனவர்கள் கரைக்குத் திரும்புவதற்கு வேலை செய்கிறவர். மன்னாரில் எஞ்சின் நின்றாலும் ஆள் அனுப்பி அவரைத்தான் கூப்பிடுவார்களாம். எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்துக்குப் பிறகு படகுகள் கரையில் கிடந்தன. கழற்றிய எஞ்சின்கள் அவருடைய முற்றத்தில் கிடந்தன. ஒருநாள் இயக்கப் பொடியன்கள் வந்து ஓர் எஞ்சினைத் திருத்தித் தரச் சொன்னார்கள். அடுத்த கிழமை ஆமிக்காரர் வந்து யாருக்குத் திருத்தினாய் என்று கேட்டார்கள். இரண்டு கேள்விக்கும் நடுவில் நிற்க முடியாமல் எண்பத்து நான்கு மாசியில் வெளிக்கிட்டார். மனைவி மக்டலீன், ஆறு வயது மகள் எமல்டா, ஒன்பது மாதக் கைக்குழந்தை றெஜி, மூவரும் குருநகரில். மொஸ்கோ வழியாகக் கிழக்கு பேர்லினில் இறங்கி, நகர ரயிலில் ஏறி மேற்கில் இறங்கினார். அந்தக் காலத்தில் அந்த வழியில் மறிப்பார் இல்லை.

விண்ணப்பத்தில் குடும்ப நிலை என்ற கட்டம் வந்தபோது சோதிலிங்கம் பேனாவை நிறுத்தினார்.

“தனியாள் எண்டு போடுவம்.”

“எனக்கு மனுசி பிள்ளையள் இருக்கெல்லே.”

“அதுக்குத்தான் சொல்லுறன். மனுசி பிள்ளையள் அங்க இருக்கலாமெண்டால் உனக்கென்ன பயம், நீயும் போய் இரு எண்டு ஏத்திவிட்டிடுவாங்கள். தனியாள் எண்டால் கேஸ் இழுபட்டுக்கொண்டு கிடக்கும்.”

இதை முதலில் யார் சொன்னது, யாரை அப்படி ஏற்றிவிட்டார்கள் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. ஆனாலும் ஹைம் முழுவதும் அதை நம்பியது. நானும் நம்பினேன், நான் உண்மையாகவே தனியாள் என்பதால் எனக்குப் பாதிப்பில்லை. இராயப்பு அண்ணை கையெழுத்துப் போட்டார்.

பொய்க்கு ஒரு காவலும் தேவைப்பட்டது. பங்குனியில் மக்டலீனுக்கு ஒரு கடிதம் போனது. இராயப்பு அண்ணை எழுத, சோதிலிங்கம் கட்டிலில் படுத்தபடி சொல்லச் சொல்ல நடந்த வேலை அது. நீங்கள் வந்து சேர்ந்தால் விசாரிப்பார்கள். புருசன் செத்துப்போனார் என்று சொல்லு. பிள்ளைக்கும் பழக்கு. என்னைக் கொண்டுவந்து முன்னால் நிறுத்தினாலும் தெரியாது என்று சொல்லு.

“இன்னொண்டு எழுதுங்கோ” என்று சோதிலிங்கம் எழும்பி உட்கார்ந்தார். “அவர் எல்லாத்தையும் ஒத்துக்கொண்டிட்டார், நீயும் ஒத்துக்கொள் எண்டு கேப்பாங்கள். அது தந்திரம். நானே வாயால சொன்னாலும் நம்பாதை எண்டு எழுதுங்கோ.”

அதையும் எழுதினார். தன்னுடைய புத்திசாலித்தனத்தில் சோதிலிங்கத்துக்கு அன்றைக்கு இரண்டு கோப்பை தேத்தண்ணி இறங்கியது.

ஐப்பசியில் ஒரு பின்னேரம் கதவு தட்டப்பட்டது. எங்கள் கதவை அதுவரை தட்டியவர்கள் இரண்டு வகைதான்: தலை எண்ண வரும் பொலிஸ், கையெழுத்து வாங்க வரும் காவலாளி. அன்று நின்றவர்கள் இரண்டு அமெரிக்கப் பொடியன்கள். வெள்ளைச் சேட்டு, டை, சட்டைப் பையில் கறுப்புப் பெயரட்டை. கடவுளைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம் என்றார்கள். எங்களில் ஐந்து பேர் சைவம். இராயப்பு அண்ணை கத்தோலிக்கர், நான் பெயருக்கு ஏதோ ஒன்று. ஆனாலும் வெள்ளைக்காரன் தட்டிவிட்டு உத்தரவு கேட்டு நின்றது எல்லோருக்கும் பிடித்துவிட்டது. இராயப்பு அண்ணை தேத்தண்ணி ஊற்றிக் கொண்டுவந்தார். இருவரும் சிரித்துக்கொண்டே கையால் தடுத்தார்கள்.

“குடிக்கமாட்டினமாம்” என்றார் ஆங்கிலம் தெரிந்த இராயப்பு அண்ணை. முகம் சுண்டிவிட்டது. எங்கள் பக்கத்தில் தேத்தண்ணியை மறுக்கிறவன் சண்டைக்கு வந்தவன்.

“ஏனாம்?”

“அவையின்ர சபையில தேத்தண்ணி, கோப்பி, சாராயம், சிகரெட் ஒண்டும் இல்லையாம்.”

“அப்ப என்னத்துக்கு உயிரோட இருக்கினமாம்? கேட்டுச் சொல்லுங்கோ” என்றார் சோதிலிங்கம். பொடியன்கள் ஒருவரையொருவர் எல்டர் என்று கூப்பிடுவதைக் கேட்டதும் அவருக்கு இன்னும் உற்சாகம். “எல்டர் எண்டால் மூப்பரெல்லே. மீசை முளைக்காத மூப்பர்!”

இராயப்பு அண்ணை போய், இருந்த ஒரு தேசிக்காயைப் பிழிந்து இரண்டு கிளாசில் கரைத்துக்கொண்டு வந்தார். “வந்தவை வெறும் வாயோட போகப்படாது.” அதைக் குடித்தார்கள். அப்படித்தான் மோர்மன் சபை எங்கள் அறைக்குள் வந்தது.

மூன்றாம் முறை வந்தபோது ஒரு பெரிய தாள் கொண்டுவந்தார்கள். மேலே கணவன், மனைவி. கீழே பிள்ளைகளுக்கு வரிசையாகக் கோடுகள். பிறந்த தேதி, இறந்த தேதி. அந்தச் சபையில் ஒவ்வொருவரும் தன் குடும்பத்தை, செத்தவர்களையும் சேர்த்து, எழுதிவைப்பார்களாம். எல்லாப் பிள்ளைகளையும் எழுதுங்கள் என்றார் மூத்த பொடியன்.

“எல்லாப் பிள்ளையுமோ? மூண்டு நாள் மட்டும் இருந்த பிள்ளையும்?”

பொடியன் ஓம் என்று தலையாட்டினான். இராயப்பு அண்ணை பேனாவை வைத்துவிட்டு எழும்பி வெளியே போய்விட்டார். தாங்கள் ஏதோ பிழையாகச் சொல்லிவிட்டோமோ என்று இருவரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கும் தெரியாது. ஜன்னலால் பார்த்தேன். ஹெர்மன் வீதியில் போய்க்கொண்டிருந்தார், வழக்கமான வேகத்தைவிட மெதுவாக.

சில நாள் கழித்து ஒரு சைக்கிள் சில்லின் கம்பிகளை இறுக்கிக்கொண்டே எனக்குச் சொன்னார், என் பக்கம் திரும்பாமல். எமல்டாவுக்கு முன் ஒரு பெண்பிள்ளை. எழுபத்தாறு கார்த்திகை, அதாவது நவம்பர், முதலாம் தேதி பிறந்தது. அவர் மன்னாரில் எஞ்சினோடு நின்றார். வயிற்றில் இருந்தபோதே பிளோறன்ஸ் என்று பெயர் வைத்தாயிற்று. உடனே கோயிலுக்குக் கொண்டுபோய் ஞானஸ்நானம் கொடுக்கச் சொன்னார்கள் வீட்டில். தகப்பன் வரட்டும் என்று மறித்தவள் மக்டலீன். பிள்ளை சுகமாகத்தான் இருந்தது. மூன்று நாளில் தூக்கத்தோடு போய்விட்டது. அவர் ஐந்தாம் தேதி வந்து சேர்ந்தார். ஞானஸ்நானம் பெறாத பிள்ளை என்பதால் கோயில் புத்தகத்தில் பெயரில்லை. சேமக்காலையில், மற்றக் கல்லறைகளுக்குத் தள்ளி, மதிலோரம் தாட்டிருந்தார்கள்.

“அதுக்குப் பிறகு அந்தப் பேரை அவளும் சொன்னதில்லை, நானும் சொன்னதில்லை. எட்டு வருசம்.” கம்பியைச் சுண்டிப் பார்த்தார். “எட்டு வயசுக்குக் கீழ செத்த பிள்ளைக்கு ஞானஸ்நானமே தேவையில்லையாம். அது கடவுளிட்டத்தான் இருக்காம். உந்தப் பொடியள் சொல்லுறாங்கள். குடும்பமும் சாவோட முடியாதாம். சாவு வரைக்கும் எண்டுதான் சுவாமியார் எங்களுக்குச் சொன்னவர். இவங்கள் அதுக்கும் அங்கால எண்டுறாங்கள்.”

“நம்புறீங்களோ அண்ணை?”

“தெரியேல்ல. ஆனால் தாளில அவளுக்கு ஒரு கோடு விட்டிருக்கிறாங்கள்.”

அந்தக் கோட்டில் எழுதினார். பிளோறன்ஸ், பிறப்பு 1.11.76, இறப்பு 3.11.76. அதற்குக் கீழே எமல்டா, றெஜி. மேலே தன் பெயர், மக்டலீனின் பெயர், கலியாண நாள். ஜெர்மனிக்கு வந்து அவர் எழுதிய முதல் உண்மையான படிவம் அதுதான்.

தேத்தண்ணி நின்றது. சுருட்டு நின்றது. ஞாயிற்றுக்கிழமைகளில் யாரோ கொடுத்த டையைக் கட்டிக்கொண்டு கால்வாய்க் கரையில் இருந்த சபைக்குப் போனார். அங்கே கதவுப் பிணைச்சல் எல்லாவற்றுக்கும் எண்ணெய் விட்டுவிட்டாராம். சோதிலிங்கம் காலையில் தன் கோப்பையை அவர் மூக்கருகே கொண்டுபோய் ஊதுவார். “ஆவி மட்டும் எடுங்கோ மூப்பர். ஆவி பாவமில்லை.”

தையில் அந்தச் சபை முறைப்படி அவருக்கு ஞானஸ்நானம் கொடுக்க நாள் பார்த்தார்கள். அதற்கு முன் ஒரு நேர்காணல் உண்டு. இரண்டு பொடியன்களுக்கும் மேலான இன்னொரு எல்டர், அவனுக்கும் இருபத்திரண்டு வயதுதான், தாளைப் பார்த்து ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டான். கடவுளை நம்புகிறீர்களா. நம்புகிறேன். பிறரோடு நடந்துகொள்வதில் நேர்மையாக இருக்கிறீர்களா?

இராயப்பு அண்ணை அவனைப் பார்த்தார். பிறகு சுவரில் இருந்த மின்விளக்குச் சுவிட்சைப் பார்த்தார். அது சற்றுச் சரிந்து பூட்டப்பட்டிருந்ததாம். “ஒரு கந்தோரில குடுத்த படிவத்தில எனக்கு மனுசி பிள்ளையே இல்லை. உங்கட தாளில மூண்டு பிள்ளை. இதில எது நான்?” என்று தமிழிலேயே கேட்டுவிட்டு எழும்பி வந்துவிட்டார்.

இரண்டு மாதம் நடந்தார். பேர்லினில் பனி இறுகி, வீதி கண்ணாடி போல் கிடந்தபோதும் நடந்தார். இடையில் இன்னொரு செய்தியும் வந்தது. பக்கத்து ஹைமில் எங்களைப் போலவே தனியாள் என்று எழுதிய ஒருவருடைய மனைவி வந்து சேர்ந்தாள். கோப்பில் இருவருக்கும் தொடர்பில்லை. புதிதாக வருகிறவர்களை நாடெங்கும் பிரித்து அனுப்புகிற வழக்கப்படி அவளைத் தெற்கே ஒரு மலையூருக்கு அனுப்பிவிட்டார்கள். உத்தரவில்லாமல் அவளும் ஊர் தாண்ட முடியாது, இவரும் தாண்ட முடியாது. ஒரே நாட்டுக்குள் இருந்துகொண்டு கடிதம் எழுதினார்கள்.

“நான் போய்த் திருத்தப்போறன்” என்றார் இராயப்பு அண்ணை ஒரு காலை.

சோதிலிங்கம் கோப்பையைக் கீழே வைத்தார். “எதை?”

“படிவத்தை.”

“விசரே உங்களுக்கு? பொய் சொன்னவன் எண்டு அடுத்த பிளேனில ஏத்துவாங்கள். ஏழு பேருக்கும் ஒரு கையெழுத்து. உங்கட கோப்பைத் திறந்தால் எங்கட ஆறும் வெளிய வரும். உங்களுக்கு மோட்சம் வேணுமெண்டால் எங்களையேன் நரகத்துக்குத் தள்ளுறீங்கள்?”

“உன்ர பேர் வராது.”

“கேட்டால்?”

“சொல்லமாட்டன்.”

“பொய் சொல்லமாட்டீங்களெல்லே இப்ப!”

“சொல்லமாட்டன் எண்டுறது பொய் இல்லையடா.”

பங்குனியில் அகதி விண்ணப்பங்களைப் பார்க்கும் கந்தோருக்குப் போனார். மொழிபெயர்க்கக் கிருஷ்ணமூர்த்தி என்ற மதராஸ்காரர் வந்திருந்தார்; பல்கலைக்கழகத்தில் வேதியியல் ஆராய்ச்சி செய்கிறவர். அதிகாரி ஒரு நடுவயதுப் பெண். மனைவியும் பிள்ளைகளும் உண்டு, முந்தி எழுதியது பொய் என்றார் இராயப்பு அண்ணை. ஆதாரம் கேட்டாள். கலியாணப் பத்திரம் ஊரில். அவரிடம் இருந்தது குடும்பத் தாள் ஒன்றுதான். அதன் பிரதி கோப்பில் போனது. படிவத்தை நிரப்பியது யார் என்று மூன்று முறை கேட்டாள். மூன்று முறையும் “சொல்லமாட்டன்” என்றார். அவருடைய பேச்சின் நம்பகத்தன்மை சந்தேகத்துக்குரியது, குடும்பத்தினர் வரும்போது உறுதிப்படுத்த வேண்டும் என்று எழுதிக்கொண்டாள். உறுதிப்படாவிட்டால் என்ன என்று கேட்டதற்குத் தோளைக் குலுக்கினாளாம். அந்தக் குலுக்கலைக் கிருஷ்ணமூர்த்தி மொழிபெயர்க்கவில்லை.

சோதிலிங்கம் இரண்டு கிழமை அவரோடு கதைக்கவில்லை. கறி காய்ச்சினால் அவருடைய சாப்பாட்டுக் கோப்பையை மட்டும் கழுவாமல் விடுவார். எங்கள் ஆறு பேரையும் யாரும் கூப்பிடாததைக் கண்ட பிறகுதான் ஒரு மத்தியானம் கோப்பை கழுவப்பட்டது.

அதே பங்குனியில் மக்டலீனுக்கு இரண்டாவது கடிதம் எழுதினார். முந்திய கடிதத்தை மறந்துவிடு, நான் உண்மையைச் சொல்லிவிட்டேன், நீயும் சொல்லு. இந்த முறை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை; ஒரு பக்கத்துக்கு ஒரு பின்னேரம் பிடித்தது. வைகாசிக் கடைசியில் மைத்துனரிடமிருந்து பதில் வந்தது. ஆட்களை வெளிநாட்டுக்கு ஏற்றும் ஏஜென்சிக்காரன் அவசரப்படுத்தியதால் தங்கச்சியும் பிள்ளைகளும் சித்திரையிலேயே கொழும்புக்குப் போய்விட்டார்கள், வெளிக்கிட்டிருப்பார்கள். உங்களுடைய கடிதம் பிந்தித்தான் வந்தது. அவவுக்கு எழுதினது என்றபடியால் உடைக்காமல் வைத்திருக்கிறேன்.

‘உடைக்காமல்’ என்ற சொல்லை அவர் பலமுறை வாசித்தார்.

அந்தக் கோடையோடு கிழக்கு பேர்லின் வழியைப் பூட்டப்போகிறார்களாம் என்று ஹைமில் கதை அடிபட்டது. ஒவ்வொரு நாளும் எல்லை தாண்டி ரயில் வந்து நிற்கும் தரிப்பில் போய் நின்றார். உட்காரவில்லை, மேடையின் நீளத்துக்கு நடந்தார். அங்கே மணிக்கூட்டின் நிமிட முள் நின்றுநின்று துள்ளும். அதைத் திருத்தக் கை துடிக்கிறது என்று சொல்வார். இரண்டு பொடியன்களும் வந்து, இப்போது ஞானஸ்நானத்துக்குத் தடையில்லையே என்று கேட்டார்கள்.

“என்ர பொய் இப்ப ஆகாயத்தில பறந்து வந்துகொண்டிருக்கு” என்றார். “அது முதல்ல வந்து இறங்கட்டும்.”

அது வேறு தரிப்பில் இறங்கியது. ஏஜென்சிக்காரனின் ஆள் அவர்களைக் கூட்டிப்போய் நேரே பதிவுக் கந்தோர் வாசலில் விட்டுவிட்டு மறைந்துவிட்டான். ஆனியில் ஒரு திங்கட்கிழமை இராயப்பு அண்ணைக்கு அழைப்பு வந்தது. உங்கள் தாளில் உள்ள பெயர்களோடு ஒரு பெண்ணும் இரண்டு பிள்ளைகளும் வந்திருக்கிறார்கள். அவள் விதவை என்கிறாள். உறுதிப்படாவிட்டால் வியாழக்கிழமை தெற்கே பவேரியாவுக்கு அனுப்பப்படுவாள்.

அந்த அறைக்குள் நான் இருக்கவில்லை. இருந்த மூன்று பேர் தனித்தனியாகச் சொன்னதைச் சேர்த்து எழுதுகிறேன். மூன்றும் பெரும்பாலும் ஒத்துப்போகின்றன.

மக்டலீன் மேசைக்கு முன் இருந்தாள். மடியில் றெஜி, இரண்டு வயது, தகப்பனைப் பார்த்த நினைவில்லாதவன். பக்கத்தில் எமல்டா. இராயப்பு அண்ணை உள்ளே வந்தபோது அவள் முகத்தில் ஒன்றும் அசையவில்லை. அந்தக் கடிதம் கிடைத்த நாளிலிருந்து பழக்கிய முகம்.

“அம்மா, மேடம் கேக்கறாங்க. உங்க ஹஸ்பண்ட் பேர் என்ன?” என்றார் கிருஷ்ணமூர்த்தி.

“இராயப்பு. செத்துப்போனார்.”

“எப்போ?”

“போன வருசம் மாசியில.” அது அவர் விமானம் ஏறிய மாதம்.

“இவர் பேரும் இராயப்புதான். உங்க ஹஸ்பண்ட்னு சொல்றார்.”

“எங்கட ஊரில அந்தப் பேரில இருவது பேர் இருக்கினம்.”

“மக்டலீன்” என்றார் அவர். “நான் எல்லாத்தையும் சொல்லிப்போட்டன். நீயும் சொல்லு.”

அவள் கண் ஒருதரம் சிமிட்டியது. நானே வாயால் சொன்னாலும் நம்பாதை. கடிதத்தின் அந்த வரியை அவள் பாடமாக்கியிருந்தாள். “இவர் ஆர் எண்டு எனக்குத் தெரியாது” என்றாள்.

“சார், ப்ளீஸ், நீங்க அவங்ககிட்ட டைரக்டா பேசக் கூடாது” என்றார் கிருஷ்ணமூர்த்தி. “என்னை அடுத்த தடவை கூப்பிட மாட்டாங்க.”

அதிகாரி எமல்டாவைப் பார்த்தாள். இந்த மாமாவைத் தெரியுமா?

எமல்டா தாயைப் பார்த்தாள். பிறகு அவருடைய கழுத்தைப் பார்த்தாள். “எங்கட அப்பா டை கட்டுறேல்ல” என்றாள். ஏழு வயதுப் பிள்ளை பொய் சொல்லாமல் கண்டுபிடித்த வழி அது.

அதிகாரி பேனாவை எடுத்தாள். முடிக்கும் முன் ஒரு முறைமைக்காக, கோப்பில் இருந்த குடும்பத் தாளை வரிவரியாக வாசிக்கச் சொன்னாள். தன்னுடைய விவரமா இல்லையா என்று அந்தப் பெண் சொல்லட்டும். கிருஷ்ணமூர்த்தி வாசித்தார். கணவன் பெயர். தெரியாது. மனைவி பெயர். என்ர பேர்தான், எங்கயோ கேட்டு எழுதியிருப்பினம். கலியாண நாள். தெரியாது.

“முதல் குழந்தை, பிளோறன்ஸ். பிறப்பு ஒண்ணு பதினொண்ணு எழுபத்தாறு. இறப்பு மூணு பதினொண்ணு எழுபத்தாறு.”

றெஜியின் முதுகைத் தட்டிக்கொண்டிருந்த அவள் கை நின்றது. கிருஷ்ணமூர்த்தி கவனிக்கவில்லை. அடுத்த வரிக்குப் போனார். “ரெண்டாவது, எமல்டா—”

“நில்லுங்கோ.”

“என்னம்மா?”

“மூண்டாம் தேதி இல்லை.”

“சாரி?”

“நாலாம் தேதி. விடியப்பறம். கோயில் மணி அடிக்க முன்னம்.” அவள் அதிகாரியைப் பார்க்கவில்லை, கிருஷ்ணமூர்த்தியைப் பார்க்கவில்லை. நேரே இராயப்பு அண்ணையிடம் திரும்பிவிட்டாள். “மூண்டு நாள் பிள்ளை, மூண்டு நாள் பிள்ளை எண்டு சனம் சொன்னதைக் கேட்டு மூண்டாம் தேதி எண்டே எழுதியிருக்கிறீங்கள். அஞ்சாம் தேதி வந்த உங்களுக்கு என்னெண்டு தெரியும்? ஒருநாள் என்னட்டைக் கேட்டிருப்பீங்களே?”

இராயப்பு அண்ணை தாளில் இருந்த அந்த மூன்றை எட்டிப் பார்த்தார்.

“அவளின்ர பேரை ஆரிட்டச் சொன்னீங்கள்? ஏன் இந்தத் தாளில இருக்கு?”

“எழுத ஒரு இடம் இருந்தது” என்றார். “எழுதினன்.”

கிருஷ்ணமூர்த்தி இருவருக்கும் நடுவில் பேப்பரைப் பிடித்தபடி நின்றார். நேரே பேசக் கூடாது என்பது அவருக்கும் மறந்துவிட்டது. அதிகாரி, என்ன பேசுகிறார்கள் என்று இரண்டாம் முறை கேட்ட பிறகுதான் ஜெர்மனில் சொன்னார்: இறந்த தேதி பிழையாம். பிழையென்று இவளுக்கு எப்படித் தெரியும் என்றாள் அதிகாரி. அதைக் கிருஷ்ணமூர்த்தி தமிழில் கேட்கத் தேவைப்படவில்லை. மக்டலீன் முகத்தைச் சேலைத் தலைப்புக்குள் புதைத்துக்கொண்டு, “இவர்தான், இவர்தான்” என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

அதிகாரி தாளை அவள் பக்கம் தள்ளிப் பேனாவைக் கொடுத்தாள். மக்டலீன் மூன்றை வெட்டி நான்கு போட்டுப் பக்கத்தில் கையெழுத்து வைத்தாள். அது நடந்துவிட்டதால் எல்லாம் நன்றாகிவிடவில்லை. பொய் வாக்குமூலம் என்று அவளுடைய கோப்பிலும் ஒரு குறிப்பு ஏறியது. இப்போது இருவர் கோப்பிலும் ஒவ்வொன்று. ஆனால் இரண்டு கோப்புகளையும் ஒரே நாடாவால் கட்டினாள் அதிகாரி. வியாழக்கிழமை யாரும் பவேரியாவுக்குப் போகவில்லை.

வெளியே நடைகூடத்தில் கோப்பி, தேத்தண்ணி விற்கும் இயந்திரம் ஒன்று நின்றது. மூன்று நாளாக வயிற்றுக்குள் சூடாக ஒன்றும் போகவில்லை, ஒரு தேத்தண்ணி வாங்கித் தாங்கோ என்றாள் மக்டலீன். வாங்கிக் கொடுத்தார்.

“உங்களுக்கு?”

“நான் இப்ப குடிக்கிறேல்ல.”

“ஏன், உடம்புக்கு வருத்தமே?”

“வருத்தம் இல்லை. ஒரு சபைக்குப் போறன். அதில இல்லை.”

அவள் அவருடைய ஒட்ட வெட்டிய தலைமயிரையும் டையையும் முதல் முறையாக முழுதாகப் பார்த்தாள். “இஞ்சேருங்கோ, திரும்ப உள்ளுக்குப் போய் உங்களைத் தெரியாது எண்டு சொல்லட்டோ?”

ஆவணியில் அவருக்கு ஞானஸ்நானம் நடந்தது. வெள்ளை உடுப்போடு தொட்டிக்குள் இறங்கினார். முக்கி எழுப்பியதும் மூச்சு வாங்கிக்கொண்டே தொட்டியின் வடிகாலைக் குனிந்து பார்த்தார். அதில் ஏதோ அடைப்பு என்று பிறகு சொன்னார். மக்டலீன் கடைசி வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு இருந்தாள். அவள் அந்தச் சபையில் சேரவில்லை, இன்றுவரை இல்லை. ஞாயிறுகளில் எமல்டாவும் றெஜியும் முதலில் தாயோடு கத்தோலிக்கக் கோயிலுக்கும் பிறகு தகப்பனோடு சபைக்கும் போய் இரண்டு இடத்திலும் பிஸ்கட் சாப்பிட்டார்கள். எண்பத்தாறில் இன்னொரு பெண்பிள்ளை பிறந்தது. பிறந்த அன்றே சுவாமியாரைக் கூப்பிடவேண்டும் என்றாள் மக்டலீன். இராயப்பு அண்ணை மறுபேச்சுப் பேசவில்லை. சுவாமியார் வரும்வரை ஆஸ்பத்திரி வாசலில் குறுக்கும் மறுக்கும் நடந்தார்.

எண்பத்தேழில் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. இரண்டு குறிப்பும் அந்தத் தீர்ப்பில் இருந்தன. மேன்முறையீடு போட்டார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை நீடித்துக் கொடுக்கிற கடுதாசியோடு இப்போது எண்பத்தொன்பது வந்துவிட்டது. வேலை உத்தரவு கிடைத்து ஒரு பட்டறையில் புல்வெட்டும் இயந்திரம் திருத்துகிறார். படகு எஞ்சினுக்குக் கடலில்லாத ஊரில் கிடைத்த கிட்டின சொந்தம் என்கிறார். சோதிலிங்கம் ஞாயிறு மத்தியானங்களில் அவர்கள் வீட்டில்தான் சாப்பிடுகிறார். அந்த முதல் கடிதத்தைப் பற்றி மக்டலீன் அவரிடம் ஒரு முறைதான் கேட்டாளாம். அவர் அன்று சோற்றைக் குனிந்தே சாப்பிட்டு முடித்தார்.

போன கிழமை நான் போனபோது இராயப்பு அண்ணை சமையலறைக் குழாயைக் கழற்றி வைத்திருந்தார். குடும்பத் தாள் அடுப்புக்கு எதிர்ச் சுவரில் ஒட்டியிருந்தது. கந்தோரில் கேட்டு வாங்கிய பிரதி. நான்காவது பிள்ளையின் பெயரும் ஏறியிருந்தது. வெட்டுக்கோடு இல்லாத புதுத் தாள் தருகிறோம் என்று சபையில் சொன்னார்களாம். வேண்டாம் என்றுவிட்டார்.

“நாளைக்குக் கந்தோருக்கு வரச்சொல்லி டெர்மின்” என்றாள் மக்டலீன் எனக்குத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டே. “மூண்டு மாசத்துக்கு ஒருக்கா அதே கேள்வி. இவர் உங்கட புருசனோ எண்டும் கேக்கினம்.”

“என்ன சொல்லுவியள் அக்கா?”

“குழாயைப் பூட்டித் தந்தால் ஓம் எண்டுவன்.”

மேசைக்குக் கீழேயிருந்து இராயப்பு அண்ணை ஸ்பானருக்குக் கை நீட்டினார். எடுத்துக் கொடுத்தது அவள்தான்.